டீரெக் செல்லும் ஆட்டோஇம்யூன் நோயும்: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

2025 அக்டோபர்ல மருத்துவ நோபல் அறிவிச்சதுல இருந்து லூபஸ், ருமட்டாய்டு மூட்டுவாதம், டைப் 1 சுகர்னு ஏதாவது ஒரு ஆட்டோஇம்யூன் நோய் (எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கறது) இருக்கற வீடுகள்ல "புது செல் வைத்தியம் வந்துடுச்சாமே"ன்னு ஒரு பேச்சு ஓடிட்டு இருக்கு. பாதி நிஜம், பாதி வாட்ஸ்அப். கேக்கறவங்க எல்லாருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா ஒரே இடத்துல போட்டுடறேன், உங்களுக்கு வேணுங்கற கேள்விக்கு நேரா போயிடுங்க.

முதல்ல, டீரெக்னா என்னங்க?

ரெகுலேட்டரி டி செல்லத்தான் சுருக்கி அப்படி சொல்றாங்க. வெள்ளை அணுக்கள்ல டி செல்னு ஒரு வகை, அதுல சிடி4னு ஒரு பிரிவு, அந்த சிடி4 செல்கள்ல நூத்துக்கு அஞ்சுல இருந்து பத்து வரைக்கும் டீரெக். மத்த டி செல் கிருமிய பாத்தா பெருகும், சண்டைக்கு போகும், மத்த செல்ல எல்லாம் கூப்பிடும். டீரெக் அந்த சண்டைய அளவோட நிறுத்தறதுக்கும், சொந்த உடம்பு மேல சண்டை ஆரம்பிக்காம பாத்துக்கறதுக்கும் இருக்கு.

சொந்த உடம்ப தாக்கற செல்ல தைமஸ்லயே கொன்னுடும்னு பிளஸ் டூல படிச்சோமே, அப்புறம் இது எதுக்கு?

கொல்லும், ஆனா எல்லாத்தையும் கொல்லாது. நெஞ்செலும்புக்கு பின்னாடி இருக்கற தைமஸ்ல டி செல் பக்குவப்படறப்போ சொந்த உடம்ப கடுமையா பிடிக்கற செல் எல்லாம் அங்கயே செத்துடும், கொஞ்சம் லேசா பிடிக்கறது தப்பிச்சு வெளிய வந்துடும். நோயே இல்லாத ஆளோட ரத்தத்துலயும் கணையத்தோட இன்சுலின் செல்லயோ நரம்பு மேல இருக்கற உறையயோ அடையாளம் கண்டுக்கற டி செல் இருக்கு, இத லேப்ல எடுத்தே காட்டியிருக்காங்க. இருந்தும் அவருக்கு சுகர் வரல, எம்எஸ் (நரம்பு உறைய தாக்கற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) வரல. அந்த செல்ல வெளிய யாரோ அடக்கி வச்சிருக்காங்க இல்லயா, அந்த யாரோதான் டீரெக்.

நோபல் யாருக்கு, எதுக்கு?

ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூணு பேருக்கும் சேர்த்து. இந்த கதைய கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா மருந்து ஏன் இவ்ளோ லேட்டுங்கறதுக்கு பாதி காரணம் இதுக்குள்ளதான் இருக்கு.

1969லயே ஜப்பான்ல நகோயாவுல ஒரு விசித்திரம் பாத்தாங்க, பிறந்து மூணு நாளான எலிக்குட்டிக்கு தைமஸ எடுத்துட்டா அதுக்கு எதிர்ப்பு சக்தி குறையும்னுதானே நினைப்போம், ஆனா அதுங்களுக்கு சினைப்பை, வயிறு, தைராய்டுன்னு உறுப்பு உறுப்பா ஆட்டோஇம்யூன் நோய் வந்துச்சு. அப்போ தைமஸ்ல இருந்து ஏதோ ஒரு அடக்கற செல்லும் வெளிய வருதுன்னு அர்த்தம். அதே சமயத்துல அமெரிக்காவுல ரிச்சர்ட் கெர்ஷன் 'சப்ரஸர் டி செல்'னு சொல்லி, எழுபதுகள் முழுக்க அது பெரிய ஃபேஷனா இருந்துச்சு. ஆனா அந்த செல்லுக்கு இந்த ஜீன்தான் அடையாளம்னு அவங்க எல்லாம் நம்பின ஒரு ஜீன், டிஎன்ஏவுல தேடிப் பாத்தா அந்த இடத்துலயே இல்ல! எண்பதுகள்ல மொத்த துறையும் கவுந்துடுச்சு, அதுக்கப்புறம் சப்ரஸர்னு வாயத் திறந்தாலே சந்தேகமா பாக்கற நிலைமை. சகாகுச்சி அந்த பத்து பதினஞ்சு வருஷமும் விடாம அதே வேலைய பண்ணிட்டு இருந்தவரு. 1995ல சிடி25ங்கற ஒரு அடையாளம் மேல இருக்கற சிடி4 செல்ல மட்டும் பிரிச்சு எடுத்துட்டு, மிச்சத்த டி செல் இல்லாத எலிக்கு ஏத்தினா நோய் வருது, பிரிச்சத திரும்ப சேர்த்து குடுத்தா வரலன்னு காட்டினாரு. அவ்ளோதான், சந்தேகப்பட்டவங்க எல்லாம் மெதுவா திரும்பி வந்தாங்க.

இன்னொரு பக்கம் டென்னசில ஓக் ரிட்ஜ்ங்கற இடம், அணுகுண்டு திட்டத்துக்காக கட்டின ஊரு, அங்க கதிர்வீச்சு ஆராய்ச்சிக்கு வளர்த்த எலிக்கூட்டத்துல நாப்பதுகளோட கடைசில சில ஆண் குட்டிங்க தோல் செதில் செதிலா உரிஞ்சு மண்ணீரல் வீங்கி சில வாரத்துல செத்துப் போச்சு. ஸ்கர்ஃபின்னு பேரு வச்சாங்க. தொண்ணூறுகள்ல சியாட்டில் பக்கத்துல ஒரு பயோடெக் கம்பெனில வேல பாத்த பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் அதுக்கு காரணமான ஜீன தேடினாங்க. எக்ஸ் குரோமோசோம்ல ஒரு துண்டு வரைக்கும் சுருக்கி, அதுல 20 ஜீன் மிச்சம், ஒவ்வொண்ணா பாத்துட்டே வந்து இருபதாவதா பாத்ததுலதான் கோளாறு கிடைச்சுது. அதுதான் ஃபாக்ஸ்பி3. 2001ல அதே ஜீன் கெட்டா மனுசக் குழந்தைக்கு ஐபெக்ஸ்னு ஒரு நோய் வரும்னும் தெரிஞ்சுது, ஆண் குழந்தைங்க, பிறந்த சில மாசத்துலயே விடாத பேதி, டைப் 1 சுகர், எக்சிமா எல்லாம் சேர்ந்து வரும். 2003ல சகாகுச்சி குழு உட்பட மூணு குழு தனித்தனியா இந்த ரெண்டு கதையையும் ஒட்ட வச்சாங்க: ஃபாக்ஸ்பி3தான் ஒரு செல்ல டீரெக்கா ஆக்கற ஸ்விட்ச்.

(ராம்ஸ்டெல்லுக்கு பரிசு அறிவிச்ச அன்னிக்கு அவரு ஃபோன அணைச்சிட்டு மலையேற போயிருந்தாராம். மனைவி திடீர்னு கத்தினத கேட்டு கரடி வந்துடுச்சுன்னு நினைச்சிருக்காரு!)

அப்போ ஆட்டோஇம்யூன் இருக்கறவங்களுக்கு டீரெக் கம்மியா இருக்கும், அத ஏத்தினா சரியாயிடும், சரிதானே?

இல்லங்க. எல்லாரும் இந்த இடத்துலதான் வழுக்கறாங்க, சில மருந்து கம்பெனிங்களும் கூட.

ஐபெக்ஸ்ல அப்படித்தான், டீரெக் வேலையே செய்யாது, காரணம் நேரா தெரியுது. ஆனா அது ரொம்ப அபூர்வமான நோய். சாதாரணமா நாம பாக்கற லூபஸ், ருமட்டாய்டு, தைராய்டு இதுல எல்லாம் எண்ணிக்கை ஒரு ஆய்வுல குறைவுன்னு வரும், இன்னொண்ணுல சரியா இருக்குன்னு வரும், மூணாவதுல கூடன்னே வரும். ருமட்டாய்டு இருக்கறவங்க முட்டில இருந்து நீர் எடுத்து பாத்தா அங்க ரத்தத்துல இருக்கறத விட அதிகமா டீரெக் இருக்கு. இருந்தும் முட்டி வீங்கித்தான் இருக்கு. ஏன்னா தாக்கற செல் அந்த சூழல்ல அடங்க மாட்டேங்குது, ஐஎல்-6, டிஎன்எஃப் மாதிரி அழற்சி கெமிக்கல் சுத்தி கொட்டிக் கிடக்கு, அந்த கெமிக்கல்ல ஊறிப் போன டீரெக்குல சிலது ஃபாக்ஸ்பி3ய தொலைச்சிட்டு தாக்கற செல்லாவே மாறிடுதுன்னும் எலிகள்ல பாத்திருக்காங்க. ஆகவே எண்ணிக்கை ஒரு கேள்வி, வேல செய்யுதாங்கறது இன்னொரு கேள்வி, சரியான உறுப்புல சரியான இலக்க பாத்து நிக்குதாங்கறது மூணாவது. இந்த மூணாவதுதான் கஷ்டம், என் கணிப்புல மருந்து வர்றது லேட் ஆகறதே இதுலதான்.

எப்படித்தான் அடக்குது?

பல வழி இருக்கு, ரெண்டு முக்கியம். ஒண்ணு, டி செல் வளர்றதுக்கு ஐஎல்-2ன்னு ஒரு சத்து வேணும், டீரெக் மேல அத பிடிக்கற ரிசெப்டர் (சிடி25 அதுல ஒரு துண்டுதான்) எக்கச்சக்கமா இருக்கறதால பக்கத்துல இருக்கற ஐஎல்-2வ எல்லாம் இதுவே குடிச்சிடும், மத்தவன் பட்டினி. ரெண்டு, சிடிஎல்ஏ-4ங்கற புரோட்டீன். ஒரு டி செல் கிளம்பணும்னா கிருமித் துண்ட டி செல்லுக்கு காட்டற டென்ட்ரிடிக் செல் மேல இருக்கற சிடி80, சிடி86ங்கற ரெண்டு கொக்கிய தொட்டு சிக்னல் வாங்கணும், டீரெக் வந்து அந்த கொக்கியவே சிடிஎல்ஏ-4 வச்சு பிய்ச்சு தன் உள்ள இழுத்து அழிச்சிடும். அப்புறம் ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டான்னு அமைதிப்படுத்தற கெமிக்கல் சுரக்கறதும் உண்டு. குடல்ல இந்த ஐஎல்-10 ரொம்ப முக்கியம்.

நான் இப்ப சாப்பிடற மருந்து டீரெக்க என்ன பண்ணும்?

மருந்த பொறுத்து. ஸ்டீராய்டு எல்லா செல்லயும் பொத்தாம்பொதுவா அமுக்கும். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ரெண்டும் டி செல் ஐஎல்-2 செய்றதயே நிறுத்தறதால தாக்கறதும் அடங்கும், அந்த ஐஎல்-2வ நம்பி இருக்கற டீரெக்கும் இளைக்கும். ராபமைசின்ல அந்த பிரச்சனை கம்மி, டீரெக்க விட்டு வைக்கும், அதனாலதான் லேப்ல டீரெக் வளர்க்கறப்போ அத கலந்து வளர்க்கறாங்க. டோசிலிசுமாப் ஐஎல்-6வ தடுக்குது, ஐஎல்-6 இருந்தா புது டி செல் தாக்கற டிஎச்17 பக்கம் சாயும், இல்லனா டீரெக் பக்கம் சாய வாய்ப்பு கூடும்.

சுவாரஸ்யமானது அபாடாசெப்ட். 2005ல இருந்து ருமட்டாய்டுக்கு அமெரிக்காவுல அனுமதி வாங்கின ஊசி. டீரெக்கோட சிடிஎல்ஏ-4ங்கற அதே ஆயுதத்த தனியா செஞ்சு பாட்டில்ல அடைச்ச மாதிரி, போய் அதே கொக்கிய மூடிடும். சிடிஎல்ஏ-4 ஜீன் ஒண்ணு கெட்டுப் போய் பிறக்கறவங்க, எல்ஆர்பிஏங்கற ஜீன் கெட்டவங்க, இவங்களுக்கு டீரெக்ல இந்த புரோட்டீன் பத்தாம குடல், நுரையீரல், ரத்தம்னு எல்லா இடத்துலயும் பிரச்சனை வரும், அவங்களுக்கு அபாடாசெப்ட் குடுத்தா நல்லா கேக்குது. குறை எதுன்னு சரியா தெரிஞ்சு அத மட்டும் ஈடு கட்டினா வேலை நடக்கும்ங்கறதுக்கு எனக்கு தெரிஞ்சு இத விட தெளிவான சாட்சி இல்ல.

இத படிச்சிட்டு "என் மாத்திர டீரெக்க குறைக்குதாம்"னு யாரும் டாக்ரோலிமஸ நிறுத்திடாதீங்க, சிறுநீரகம் போயிடும். மொத்தக் கணக்குல அந்த மருந்து உங்களுக்கு நல்லதுன்னுதான் குடுத்திருக்காங்க.

ஐஎல்-2 ஊசின்னு சொல்றாங்களே, அது கேன்சர் மருந்து ஆச்சே?

ஆமா அதேதான். ஆல்டெஸ்லூகின். 1992ல சிறுநீரக கேன்சருக்கு அனுமதி, அங்க குடுக்கறது மலை மாதிரி டோஸ், ஒரு கிலோ எடைக்கு 6 லட்சம் யூனிட் கணக்குல எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ, ஐசியூ பக்கத்துல வச்சுத்தான் போடுவாங்க, அவ்ளோ ஆபத்து. அந்த டோஸ்ல தாக்கற செல் எல்லாம் கிளம்பும். ஆனா ஒரு நாளைக்கு மொத்தமே 10 லட்சம் யூனிட் சொச்சம்னு குறைச்சு போட்டா, அந்த சொற்ப ஐஎல்-2வ பிடிக்கற அளவுக்கு கூர்மையான ரிசெப்டர் டீரெக் மேலதான் நிறைய இருக்கறதால அது மட்டும் குடிச்சு பெருகும். ஒரே மருந்து, டோஸ மாத்தினா எதிர் வேலை.

2011ல பாரிஸ்ல ஹெபடைடிஸ் சியால ரத்தக்குழாய் வீங்கினவங்களுக்கும், பாஸ்டன்ல எலும்பு மஜ்ஜை மாத்தினப்புறம் புது செல் உடம்ப தாக்கற நோய் வந்தவங்களுக்கும் இப்படி போட்டு பாத்தாங்க, ரெண்டுலயும் டீரெக் ஏறுச்சு, நிறைய பேருக்கு நோயும் குறைஞ்சுது. லூபஸ்ல பெய்ஜிங் குழு 60 பேர வச்சு ப்ளசீபோவோட (மருந்து இல்லாத வெத்து ஊசி) ஒப்பிட்டு 2020ல வெளியிட்டாங்க. 12வது வாரத்துல வித்தியாசம் மயிரிழைல தவறிடுச்சு, அதுதான் அவங்க முன்கூட்டியே சொல்லி வச்ச இலக்கு. 24வது வாரத்துல நோய் குறைஞ்சவங்க ஐஎல்-2 பக்கம் 65 சதவீதத்துக்கு மேல, ப்ளசீபோ பக்கம் 37 சதவீதத்துக்கு கிட்ட. நல்ல நம்பர்தான், ஆனா சொன்ன இலக்கு தவறினத மறைச்சிட்டு 65ஐ மட்டும் ஃபார்வர்டு பண்றது நியாயம் இல்ல. பக்க விளைவு ஊசி போட்ட இடத்துல சிவப்பு, லேசான காய்ச்சல்னு சமாளிக்கற அளவுல இருந்துச்சு.

ஐஎல்-2வ மாத்தி செஞ்ச புது மருந்துகள் என்ன ஆச்சு?

சாதா ஐஎல்-2 சீக்கிரம் உடம்ப விட்டு போயிடும், என்.கேங்கற கொல்ற வெள்ளை அணுவயும் கொஞ்சம் தட்டி எழுப்பும். அதனால டீரெக்க மட்டும் பிடிக்கற மாதிரி, ரொம்ப நேரம் நிக்கற மாதிரி மாத்தி செஞ்சாங்க. ஆம்ஜென்னோட எஃபாவலூகின் லூபஸ்ல இரண்டாம் கட்டத்துல பலன் தெரியாதுன்னு 2023ல நிறுத்திட்டாங்க. நெக்டார் கம்பெனியோட ரெஸ்பெக்னு கூப்பிடறது அதே 2023ல லூபஸ்ல இலக்க தவற விட்டுச்சு, கூட்டு சேர்ந்திருந்த லில்லி கழண்டுக்கிச்சு. ஆனா அதே மருந்து 2025ல எக்சிமாவுல இரண்டாம் கட்ட ட்ரையல்ல ஜெயிச்சுது.

ரெண்டுலயுமே ரத்தத்துல டீரெக் நல்லா ஏறினது உண்மை. ஏறியும் லூபஸ் அடங்கல. மேல சொன்னேனே, எண்ணிக்கை மட்டும் பத்தாதுன்னு.

லண்டன்ல 2006ல ஏதோ ட்ரையல்ல ஆறு பேர் சாகக் கிடந்தாங்களே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமா?

நேரடி சம்பந்தம், ஆனா இத யாரும் சொல்றதில்ல. டிஜிஎன்1412னு ஒரு ஆன்டிபாடி, டெஜெனிரோன்னு ஒரு சின்ன ஜெர்மன் கம்பெனியோடது. டி செல் மேல இருக்கற சிடி28ஐ பிடிச்சு உசுப்பும். எலிகள்ல அப்படி உசுப்பினா டீரெக்தான் அதிகமா பெருகுச்சு, ஆர்த்ரைடிஸ் கூட குறைஞ்சுது. அதனால ருமட்டாய்டுக்கு மருந்தா கொண்டு வரலாம்னு திட்டம். குரங்குலயும் போட்டு பாத்தாங்க, ஒண்ணும் ஆகல. 2006 மார்ச் 13 அன்னிக்கு லண்டன் நார்த்விக் பார்க் ஆஸ்பத்திரி வளாகத்துல இருந்த ட்ரையல் யூனிட்ல ஆரோக்கியமான ஆறு ஆம்பளைங்களுக்கு அடுத்தடுத்து சில நிமிஷ இடைவெளில ஏத்தினாங்க, குரங்குக்கு ஒண்ணும் பண்ணாத அளவுல 500ல ஒரு பங்குதான். ஒன்றரை மணி நேரத்துக்குள்ள தலவலி, வாந்தி, நடுக்கம், அப்புறம் பிபி சரிஞ்சு, நுரையீரல், சிறுநீரகம்னு ஒவ்வொண்ணா நின்னு எல்லாரும் ஐசியூல. ஆறு பேரும் பிழைச்சாங்க, ஒருத்தருக்கு விரல்கள் போச்சு. கம்பெனி திவால்.

குரங்குல ஏன் தெரியல? சண்டை அனுபவம் உள்ள நினைவு டி செல்கள்ல மனுசனுக்கு சிடி28 இருக்கு, அந்த வகை குரங்குக்கு இல்ல. சுத்தமான கூண்டுல வளர்ற எலிக்கு அந்த நினைவு செல்லே ரொம்ப கம்மி. அதனால எலில டீரெக் ஜெயிச்சுது, மனுசன்ல நினைவு செல் எல்லாம் ஒரே நேரத்துல கிளம்பிடுச்சு. அப்புறம் ரஷ்யாவுல அதே ஆன்டிபாடிய வேற பேர்ல, ஆயிரத்துல ஒரு பங்கு டோஸ்ல இருந்து மெதுவா ஏத்தி குடுத்து பாத்தப்போ அந்த மாதிரி விபரீதம் வரல, டீரெக் சுரக்கற ஐஎல்-10தான் ஏறுச்சு. டோஸ்தான் எல்லாம்ங்கறது ஐஎல்-2லயும் பாத்தோம், இங்கயும் அதே. "எலில குணமாச்சு"ன்னு தலைப்பு பாத்தா எனக்கு உடனே இந்த ஆறு பேர்தான் ஞாபகத்துக்கு வருவாங்க.

என் டீரெக்கயே எடுத்து, வளர்த்து, திரும்ப ஏத்த முடியுமா?

முடியும், செஞ்சிருக்காங்க. போலந்துல க்டான்ஸ்க் நகரத்து டாக்டர்கள்தான் 2009ல முதல்ல வெளியிட்டது, அப்புறம் 2012ல டைப் 1 சுகர் புதுசா வந்த 10 குழந்தைகளுக்கு குடுத்தத வெளியிட்டாங்க. சான் ஃபிரான்சிஸ்கோல ஜெஃப்ரி ப்ளூஸ்டோன் குழு 14 பெரியவங்களுக்கு 50 லட்சம் செல்ல ஆரம்பிச்சு 260 கோடி செல் வரைக்கும் ஏத்தி 2015ல சொன்னாங்க, பயப்படற மாதிரி ஒண்ணும் நடக்கல, அடையாளம் போட்டு அனுப்பின செல்லுல உச்சத்துல இருந்த அளவுல கால்வாசி வரைக்கும் ஒரு வருஷம் கழிச்சும் ரத்தத்துல சுத்திட்டு இருந்துச்சு. பாதுகாப்பு விஷயத்துல இது பெரிய ஆறுதல்.

பலன்? அங்கதான் இடிக்குது. அமெரிக்காவுல நூறு பேருக்கு மேல பிள்ளைங்கள சேர்த்து ப்ளசீபோவோட ஒப்பிட்ட டி-ரெக்ஸ்ங்கற ட்ரையல்ல, ஒரே ஒரு தடவ ஏத்தினதுல இன்சுலின் சுரக்கற சக்தி குறையறத தடுக்க முடியல. ரெண்டு காரணம் சொல்றாங்க. பிரிச்சு எடுக்கறதே கஷ்டம், மனுசன்ல சாதா டி செல்லும் உசுப்பேறினா கொஞ்ச நேரம் ஃபாக்ஸ்பி3 காட்டும், அதனால சிடி25 நிறைய, சிடி127 கம்மின்னு சுத்தி வளைச்சுத்தான் பிடிக்கணும். அடுத்தது, ரத்தத்துல இருந்து கலவையா எடுத்த டீரெக்ல கணையத்த பாத்து நிக்கற செல் ரொம்ப ரொம்ப சொற்பம், மிச்சம் எல்லாம் உடம்பு முழுக்க வேற எங்கயோ சுத்திட்டு இருக்கும்.

அதுக்குத்தான் கார்-டீரெக்கா? ஜெர்மனில லூபஸ் குணமான கார்-டி வேற இது வேறயா?

வேற வேற, ரெண்டையும் போட்டு குழப்பிக்கறாங்க. ஜெர்மனில எர்லாங்கன்ல கியோர்க் ஷெட் குழு பண்றது கொல்ற கார்-டி (செயற்கை ரிசெப்டர் பொருத்தின டி செல்), கேன்சருக்கு பண்ற அதே தொழில்நுட்பம், ஆன்டிபாடி செய்ற பி செல் எல்லாத்தையும் துடைச்சு எடுத்துடும். 2024ல 15 பேரோட முடிவு வந்துச்சு, அதுல லூபஸ் இருந்த 8 பேரும் மத்த மருந்து எல்லாம் நிறுத்திட்டு நோய் அடங்கி இருந்தாங்க. பிரமிப்பான விஷயம்தான், ஆனா அதுல டீரெக் ஏத்தல.

கார்-டீரெக்ல அதே மாதிரி ஒரு செயற்கை ரிசெப்டர டீரெக் மேல பொருத்தி "இந்த இடத்துக்கு போ"ன்னு அனுப்பறது. முதல்ல ட்ரை பண்ணது உறுப்பு மாற்று நோயாளிங்ககிட்ட, ஏன்னா அங்க இலக்கு தெளிவு, குடுத்தவரோட செல் மேல எச்எல்ஏ-ஏ2ங்கற அடையாளம் இருக்கு, வாங்கினவருக்கு இல்லன்னா அந்த ஏ2வ பிடிக்கற ரிசெப்டர் வச்சா செல் நேரா புது சிறுநீரகத்துலயோ கல்லீரல்லயோ போய் உக்காரும். ஆட்டோஇம்யூன்ல இலக்கு கண்டுபிடிக்கறதுதான் பாடு. ருமட்டாய்டுல சிட்ருலின் ஏறின புரோட்டீன் வீங்கின மூட்டுல நிறைய இருக்கும், அத பிடிக்கற டீரெக்க சோனோமாங்கற கம்பெனி ஆரம்பக் கட்டத்துல பரிசோதிக்குது, ராம்ஸ்டெல்லும் ப்ளூஸ்டோனும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி அது. எனக்கு இந்த ரூட்லதான் அதிக நம்பிக்கை, ஆனா இது முதல் கட்டம்ங்கறத மறக்காதீங்க. ஐபெக்ஸ் குழந்தைகளுக்கு இப்போதைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுதான் வழி, அவங்க டி செல்லயே எடுத்து நல்ல ஃபாக்ஸ்பி3ய ஏத்தி திருப்பி குடுக்கற முயற்சி ஸ்டான்ஃபோர்ட்ல நடக்குது.

டீரெக் ஏத்தினா கேன்சர் வராதா?

நியாயமான பயம். கட்டிக்குள்ள டீரெக் நிறைய இருந்தா பல கேன்சர்ல நோயாளிக்கு கெட்ட சகுனம்தான், கேன்சர் டாக்டர்ங்க டீரெக்க குறைக்கத்தான் பாக்கறாங்க. தராசோட மறுபக்கத்தையும் பாத்துட்டோம்: 2011ல சிடிஎல்ஏ-4ஐ அடைக்கற இபிலிமுமாப் மெலனோமாவுக்கு வந்தப்போ கட்டி கரைஞ்ச சிலருக்கு குடல் அழற்சி, தைராய்டு, பிட்யூட்டரி கோளாறுன்னு புதுசா வந்துச்சு. இதுவரைக்கும் நடந்த சின்ன டீரெக் ட்ரையல்கள்ல கேன்சர் கூடினதா தெரியல, ஆனா அதுல இருந்தவங்க கொஞ்ச பேர், கொஞ்ச வருஷம். ஏற்கனவே கேன்சர் வந்தவங்கள பெரும்பாலும் சேர்த்துக்கவே மாட்டாங்க.

இன்னொரு முரண் சொல்றேன். டாக்லிசுமாப்னு ஒரு எம்எஸ் மருந்து சிடி25ஐயே அடைக்கும், கணக்குப்படி டீரெக் குறைஞ்சு எம்எஸ் மோசமாகணும், ஆனா எம்எஸ் குறைஞ்சுது, வேற ஒரு என்.கே செல் பெருகி உதவினதால. 2016ல அனுமதி வாங்கி, மூளை அழற்சி, கல்லீரல் பிரச்சனைன்னு 2018ல வாபஸ் ஆயிடுச்சு. உடம்புல நேர்க்கோட்டுல எதுவும் ஓடாது.

மாசமா இருந்தப்போ என் ருமட்டாய்டு நல்லா குறைஞ்சுது, பிரசவம் ஆனதும் திரும்ப வந்துச்சு, இதுக்கும் டீரெக்தான் காரணமா?

ஒரு காரணமா இருக்கலாம். குழந்தைல பாதி அப்பாவோட சொத்து, அத அம்மாவோட எதிர்ப்பு சக்தி வெளியாளா பாக்காம இருக்கறதுக்கு கர்ப்பத்துல டீரெக் பெருகுது, எலிகள்ல அத எடுத்துட்டா கரு நிக்கல. ருமட்டாய்டு நிறைய பேருக்கு கர்ப்பத்துல குறையறதும் பிரசவத்துக்கு அப்புறம் ஏறுறதும் தெரிஞ்ச விஷயம். ஹார்மோனும் சேர்ந்துதான் ஆடுது. லூபஸுக்கு இத அப்படியே பொருத்தாதீங்கம்மா, அதுல கர்ப்பத்துலயே நோய் கிளம்பலாம்.

சாப்பாட்டுல டீரெக் ஏத்தலாமா? வைட்டமின் டி? ப்ரோபயாடிக்?

நார்ச்சத்த குடல் பாக்டீரியா புளிக்க வச்சு பியூட்டிரேட்னு ஒண்ணு செய்யும், அது குடல்ல டீரெக் பெருக உதவுதுன்னு 2013ல எலிகள்ல காட்டினாங்க. கீரை, பயறு, சிறுதானியம் சாப்பிடுங்க, அது எப்படியும் நல்லது. ஆனா இன்ன கஞ்சி குடிச்சு லூபஸ் போச்சுன்னு யாராவது சொன்னா அவங்ககிட்ட ட்ரையல் இல்ல. வைட்டமின் டிக்கு மட்டும் உருப்படியா ஒரு பெரிய ஆய்வு இருக்கு, அமெரிக்காவுல 50 வயசு சொச்சம் தாண்டின 25,871 பேர், தினம் 2000 யூனிட், அஞ்சு வருஷம் போல, புதுசா ஆட்டோஇம்யூன் நோய் வர்றது 22 சதவீதம் குறைஞ்சுது. வராம தடுக்கறதுக்குத்தான் அது, வந்தத குணமாக்கும்னு அதுல காட்டல. பன்றிப் புழுவோட முட்டைய குடிச்சா குடல் நோய் போகும்னு கூட ட்ரையல் நடத்தினாங்க, க்ரோன்ஸ்ல பலிக்கல.

இந்தியாவுல கிடைக்குமா? ஒரு கிளினிக்ல "டீரெக் ஸ்டெம் செல் பேக்கேஜ்"னு சொல்றாங்க, லட்சக்கணக்குல கேக்கறாங்க.

குடுக்காதீங்க. டீரெக் செல் வைத்தியம் ஆட்டோஇம்யூன் நோய்க்கு வழக்கமான சிகிச்சையா இங்க அனுமதி வாங்கல, உலகத்துல எங்கயும் அது ட்ரையல் அளவுலதான் இருக்கு. ஸ்டெம் செல் விஷயத்துல ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) விதி தெளிவா இருக்கு, அனுமதிச்ச சில நோய் தவிர வேற எதுக்கும் ட்ரையல்ல மட்டும்தான் குடுக்கலாம், அதுக்கு நோயாளிகிட்ட காசு வாங்கக்கூடாது. யாராவது "இது ட்ரையல்தான்"னு சொன்னா சிடிஆர்ஐங்கற இந்திய ட்ரையல் பதிவேட்டோட பதிவு எண் கேளுங்க, 2009ல இருந்து இங்க ட்ரையல் பதிவு கட்டாயம், நம்பர போட்டு நீங்களே தேடிப் பாக்கலாம். நம்பர் இல்ல, காசு மட்டும் உண்டுன்னா எழுந்து வந்துடுங்க.

நம்பிக்கைக்கும் ஒண்ணு இருக்கு. ஐஐடி பாம்பே, டாடா மெமோரியல்ல உருவான நெக்ஸ்கார்19 கார்-டி 2023 அக்டோபர்ல ரத்தக் கேன்சருக்கு அனுமதி வாங்குச்சு, வெளிநாட்டு விலைல பத்துல ஒரு பங்கு அளவுலன்னு சொல்றாங்க. செல்ல எடுத்து ஜீன மாத்தி வளர்த்து திருப்பி ஏத்தற கைப்பக்குவம் இங்க வந்தாச்சு. டீரெக்குக்கு அத திருப்பறது தனி வேலை, ஆனா பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

லேப்ல டீரெக் அளவு டெஸ்ட் எடுத்து பாக்கலாமா?

ஃப்ளோ சைட்டோமெட்ரிங்கற செல் எண்ணற டெஸ்ட்ல எண்ணலாம். ஐபெக்ஸ் மாதிரி பிறவி நோய் சந்தேகம் இருந்தா டாக்டரே எழுதுவாரு. மத்தபடி லூபஸுக்கோ தைராய்டுக்கோ அந்த நம்பர வச்சு மருந்த கூட்டவோ குறைக்கவோ யாராலயும் முடியாது, காசுக்கு கேடு.

என் பொண்ணுக்கு 11 வயசு, டைப் 1 வந்து ஒரு வருஷம் ஆகுது, காத்திருக்கலாமா?

இன்சுலின ஒழுங்கா போட்டு சுகர கட்டுல வச்சுக்கிட்டே காத்திருங்க. டெப்ளிசுமாப்னு ஒரு ஊசி 2022ல அமெரிக்காவுல அனுமதி ஆச்சு, டி செல்ல மந்தப்படுத்தி, நோய் முழுசா வெளிப்படறத சராசரியா ரெண்டு வருஷம் கிட்ட தள்ளிப் போடுது, ஆனா அது ஆன்டிபாடி வந்து இன்னும் இன்சுலின் தேவைப்படாத கட்டத்துக்குத்தான். உங்க பொண்ணுக்கு அந்த கட்டம் தாண்டிடுச்சு. கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களுக்கு ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கறத பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. டீரெக் பக்கம், நோய் வந்த புதுசுல இன்னும் கொஞ்சம் இன்சுலின் சுரக்கறவங்களத்தான் பெரும்பாலான ட்ரையல் சேர்த்துக்குது, அதனால அடுத்த தடவ டாக்டர பாக்கறப்போ சி-பெப்டைட் டெஸ்ட் (சொந்தமா இன்சுலின் எவ்ளோ சுரக்குதுன்னு காட்டும்) ஒண்ணு எடுத்து வச்சுக்கலாமான்னு கேட்டுக்கோங்க.